மூக்கு செத்த பிறகு நான் போட்ட கையெழுத்து

நம்ம மாவட்டத்தில் பழைய ஜீப் வைத்திருக்கும் இளவட்டங்கள் ஒன்றுகூடிச் சிறப்பு மலர் ஒன்று கொண்டுவருகிறார்களாம். நாலு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணாச்சி, நாப்பது வருசம் ஜீப்போட மல்லுக்கட்டியிருக்கிய. நீங்க எழுதாம வேற யாரு எழுதுவா?" என்று நன்றாக ஐஸ் வைத்தார்கள். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சினை எப்படி உட்கார வைப்பது, பவர் ஸ்டீயரிங் எப்படி மாட்டுவது என்றெல்லாம் எழுத வேண்டுமாம். அட போங்கப்பா! அதையெல்லாம் இப்போது செல்போனைத் திறந்தால் ஒவ்வொரு போல்ட்டாகக் காட்டுகிறான். நான் ஒரே ஒரு ஜீப்பைப் பற்றி எழுதுகிறேன். படித்த பிறகும் எனக்குச் சால்வை போடத் தோன்றினால் போடுங்கள்.

பதினெட்டு வயதில் பாளையங்கோட்டையில் சாமுவேல் முதலாளியின் பணிமனையில் சேர்ந்தேன். ஐந்து வருடம் கழுவினேன். ஐந்து வருடம் கழற்றினேன். அதன் பிறகுதான் பூட்ட விட்டார். என் படிப்பு அவ்வளவுதான். எங்களிடம் வருவதெல்லாம் பழைய வண்டிகள், முக்கால்வாசி ஜீப். ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டால் சேர்க்க ஐந்தாறு மாதம் ஆகும். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வாசலைத் தாண்டி வெளியே போகும்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை உண்டு. செய்த வேலையெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கடைசி வரி எங்கள் பணிமனையில் மட்டுமே உள்ளது: 'மோந்து பார்த்தது'. வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, பானெட்டைத் திறந்து, நான்கு சக்கரத்தருகிலும் குனிந்து, பெட்ரோல் டேங்கின் தகரம் சேரும் தையலில் மூக்கை வைத்துப் பார்த்த பிறகுதான் அந்த வரியில் கையெழுத்துப் போடலாம். பெட்ரோல் கசிவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். கிளட்ச் எரிந்தால் ஒரு வாடை, பிரேக் எரிந்தால் வேறொரு வாடை, கியர் ஆயில் கருகினால் அது தனி. முதலாளிக்கு வயதான பிறகு அந்தக் கையெழுத்து என் பொறுப்புக்கு வந்தது. தென்காசியிலிருந்துகூட வண்டியைக் கொண்டுவந்து, "ஜெபமணி அண்ணாச்சி ஒரு தடவ மோந்து சொல்லட்டும்" என்பார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் என் வீட்டுக்காரியே சிரிப்பாள்.

முதலாளி காலமான பிறகு அவர் மகள் ஜாய்ஸ் பொறுப்பேற்றது. இஞ்சினியரிங் படித்த பிள்ளை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை என்பதால் எனக்கு அது 'பாப்பா'. வாடிக்கையாளர் முன்னால் மட்டும் 'அம்மா'. அப்பா கோபம் வந்தால் ஸ்பேனரை எறிவார். மகள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்பு நடந்தால், "அட்டைய எடுங்க" என்று மட்டும் சொல்லும். அட்டையை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிக்கும். அந்த விரல் நம் கையெழுத்துக்கு வந்து நிற்கிற வரைக்கும் நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பதில் ஸ்பேனரே தேவலாம்.

கொரோனா எனக்கும் வந்து போனது. பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். காபியில் மணம் இல்லை. குழம்பில் பெருங்காயம் இல்லை. பெட்ரோல் கேனைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன்; தண்ணீர்ப் பானைக்குள் விட்ட மாதிரி இருந்தது. "ஒரு மாசத்துல வந்துரும்" என்றார் டாக்டர். இரண்டாம் மாதமும் வரவில்லை. ஐந்தாம் மாதமும் வரவில்லை. வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். "பாப்பாகிட்ட சொல்லிருங்க" என்று தினம் பிடுங்குவாள். "நீ உன் வேலயப் பாரு" என்று நானும் தினம் எரிந்து விழுவேன். என்ன சொல்வது? மூக்கு போன ஜெபமணிக்கு அந்தப் பணிமனையில் என்ன வேலை? சட்டப்படி எல்லாம் செய்தேன்: குனிந்தேன், மூக்கை வைத்தேன், தலையை ஆட்டினேன், கையெழுத்துப் போட்டேன். ஒன்பது மாதம் இப்படி ஓட்டினேன்.

அந்த ஒன்பதாம் மாதத்தில்தான் கல்லிடைக்குறிச்சி சங்கரராமன் சாரின் ஜீப் முடிந்தது. வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப். தகரத்தில் சல்லடைக்கண். சேசிஸைத் தவிர எல்லாவற்றையும் மாற்றினோம். டீசல் எஞ்சின், பவர் ஸ்டீயரிங், பிரேக்கை மெத்தென்று அழுத்தும்படி பூஸ்டர். சக்கரத்தில் மட்டும் பழைய டிரம் பிரேக்கே இருக்கட்டும், பார்க்கப் பழைய வண்டியாகவே தெரிய வேண்டும் என்றார். பெங்களூரிலிருந்து மகள் வித்யா, மருமகன், ஒரு வயதுப் பேரன் எல்லாரும் வந்திருந்தார்கள். காரையாற்றில் குலதெய்வம் அய்யனார் கோயிலில் குழந்தைக்கு முடி இறக்க, இந்த ஜீப்பில்தான் மலை ஏற வேண்டும் என்று அவருக்கு ஆசை. நாள் குறித்தாயிற்று. எங்களுக்கு அவசரம்.

பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் கப்பைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மிதியை அழுத்தினால் எண்ணெயைத் தள்ளுவது அந்தக் கப்புதான். பணிமனையில் கழற்றுகிற எதையும் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவுவது வழக்கம். இந்த ரப்பரை மட்டும் மண்ணெண்ணெயில் காட்டவே கூடாது. ஊதிவிடும். அதற்கென்று தனியாக ஒரு வெள்ளை எனாமல் கிண்ணம், அதில் ஸ்பிரிட். அன்றைக்குப் புதுக் கப்புகளின் பொட்டலத்தைப் பிரிக்கும்போது கை தவறித் தரையில் சிந்திவிட்டேன். மண் ஒட்டிவிட்டது. பொறுக்கி எனாமல் கிண்ணத்தில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். காலையில் ஸ்பிரிட் தீர்ந்துபோய், கூட வேலை செய்யும் முத்தையா அந்தக் கிண்ணத்தில் கடையில் வாங்கிய வெள்ளை மண்ணெண்ணெயை ஊற்றிப் பெயிண்ட் கறை எடுத்திருக்கிறான். இரண்டுமே பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும். விரலால் தொட்டால் வழவழப்பு தெரியும். கையில் ரப்பர் உறை போட்டிருந்தேன். மூக்கு உள்ளவன் பத்தடி தூரத்திலேயே "ஏலே, எவம்லே இதுல மண்ணெண்ணெய ஊத்துனது?" என்று கத்தியிருப்பான்.

சாப்பிட்டு வந்து, எடுத்து, துடைத்து, பூட்டினேன். சாயங்காலம் பாப்பா ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தோம். பிரேக் வெண்ணெய் மாதிரி பிடித்தது. கையெழுத்துப் போட்டேன். சார் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மேசையை ஒதுங்க வைக்கிறேன். எனாமல் கிண்ணத்தில் மிச்சம் இரண்டு கப்பு கிடந்தது. உபரியாக வாங்கிய செட். எடுத்துப் பார்த்தால் ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருக்கிறது. அதே அளவிலுள்ள வேறொரு பிரேக் சிலிண்டரின் வாயில் வைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. "முத்தையா, இந்தக் கிண்ணத்துல என்ன?" என்றேன். "மண்ணெண்ணெய், அண்ணாச்சி. வாட அடிக்கலயா?" என்றான்.

சாருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மகள் எண், மருமகன் எண், எல்லாம் அதே பாட்டு. மலை ஏறிவிட்டார்கள். பாப்பாவின் அறைக்குள் போய் மேசையில் கப்பை வைத்தேன். ஒரு பார்வைதான். காரின் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தது. "அட்டையையும் எடுத்துக்கங்க, அண்ணாச்சி."

பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் ஒரு மணி நேரத்துக்கு மேல். மேலப்பாளையம் தாண்டினோம். எனக்குள் கணக்கு ஓடுகிறது. ரப்பர் உப்பினால் எண்ணெய் திரும்பி வரும் ஓட்டை அடைபடும். மிதியை விட்டாலும் பிரேக் விடாது. உரசிக்கொண்டே ஓடும், சூடேறும். பழைய பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் முதல் ஏற்றத்திலேயே திணறி நின்றிருக்கும். நான் மார்தட்டி உட்கார வைத்த டீசல் எஞ்சின் அதையும் இழுத்துக்கொண்டு ஏறும். ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. இறங்கும்போது டிரம்முக்குள் எண்ணெய் கொதிக்கும். கொதித்தால் மிதி தரையில் போய் உட்காரும். உள்ளே நாலு பேர், அதில் ஒன்று பச்சைக்குழந்தை.

பத்தமடை வந்தபோது பாப்பா கேட்டது. "அட்டையில மோந்து பார்த்ததுன்னு கையெழுத்து இருக்கா?"

"இருக்கு."

"அவ்வளவு மண்ணெண்ணெய் வாட உங்களுக்குத் தெரியலயா?"

"தெரியல, பாப்பா."

"சளியா?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். சளி என்று சொன்னால் அதோடு முடிந்திருக்கும். எதிரே ஒரு பேருந்து வந்தது, பாப்பா ஒதுங்கி வழிவிட்டது. அது கடந்து போகிற நேரத்துக்குள் சொல்லிவிட்டேன். "கொரோனாவுக்குப் பொறவு எனக்கு மோப்பமே கெடையாது. ஒம்பது மாசமாச்சு."

ஒன்றும் சொல்லவில்லை. வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் எல்லாம் போயின. இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பாபநாசம் சோதனைச் சாவடியில் வனக்காவலர், "பச்ச ஜீப்தான? எட்டு மணிக்கே மேல போயிட்டாவளே. இப்ப எறங்குத நேரந்தான்" என்றார்.

மலைச்சாலையில் பாப்பா ஹாரனை அழுத்திக்கொண்டே ஓட்டியது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கோயிலுக்கு இரண்டு மூன்று வளைவு இருக்கும்போது திடீரென்று காரை ஓரங்கட்டி நிறுத்தியது.

"பிரேக் கருகுத வாட வருது, அண்ணாச்சி! பக்கத்துலதான் வாராவ!"

எனக்கு ஒன்றும் வரவில்லை. கதவைத் திறந்து ஓடினேன். வளைவில் ஜீப் தெரிந்தது. இரண்டாவது கியரில் எஞ்சின் உறுமிக்கொண்டு வருகிறது. சாரின் கால் மிதியைக் குத்திக்கொண்டே இருக்கிறது, முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினேன்: "கைப்பிரேக்கு! சார், கைப்பிரேக்க இழுங்க! பாறப்பக்கம் ஒடிங்க!" அந்தப் பழைய ஜீப்பில் கைப்பிரேக் எண்ணெயால் வேலை செய்வதில்லை, கம்பி வழியாகப் பின்பக்கம் போகும் சுழல்தண்டைப் பிடிக்கும். இழுத்தார். பின் சக்கரம் இரண்டும் கீச்சிட்டன. வண்டி சறுக்கி, முன் பம்பர் பாறையோரச் சாக்கடைக்குள் இறங்கி நின்றது. எனக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் இருந்தது.

மொட்டைத்தலையில் சந்தனம் பூசிய குழந்தை அழுதது. வித்யா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கியது. சார் இறங்கவே இல்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "ஏறும்போது என்னமா ஏறித்து தெரியுமா... கொஞ்சம் சூட்டு வாசனை வந்தது, புதுப் பெயிண்ட்தான்னு நெனச்சேன்... மிதி உள்ளயே போயிடுத்து" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாப்பா முன்னால் வந்து நின்றது. "சார், மன்னிச்சிருங்க. நாங்க வாங்குன ரப்பர் சரியில்ல. காலையிலதான் கண்டுபிடிச்சோம். ஒடனே ஓடி வாரோம்." சாரும், "கடைக்காரன் ஏமாத்தினா நீங்க என்ன பண்ணுவேள்? ஓடி வந்தேளே, அதுவே பெரிசு" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது அவருக்கு.

பாப்பா எனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னது. அப்படியே விட்டிருக்கலாம். அவர் கை என் கையை விடாமல் அழுத்துகிறது. அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. "ரப்பர்ல ஒரு குத்தமும் இல்ல, சார்" என்றேன். "நான்தான் மண்ணெண்ணெயில கழுவிப் பூட்டிட்டேன். எனக்கு மோப்பம் செத்துப் போச்சு. அத யாருகிட்டயும் சொல்லாம மறச்சிட்டேன்." அவர் கையை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே எல்லா வண்டியும் சாவடிக்குக் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். குடும்பத்தைப் பாப்பாவின் காரில் ஏற்றினோம். டிரம்களின் சூடு தணியும் வரை காத்திருந்து, அடைபட்ட எண்ணெயைச் சக்கரத்துக்குச் சக்கரம் திறந்துவிட்டு, ரிவர்ஸில் வண்டியைச் சாக்கடையிலிருந்து வெளியே எடுத்தேன். இனி பிரேக் பிடிக்காது, பிடித்துக்கொண்டு சூடேறவும் செய்யாது. "நான் மொதல்ல எறங்குதேன். நீ கால் மணி நேரம் கழிச்சு வா. எனக்குப் பின்னாலதான் வரணும்; முன்னால போயிராத" என்றேன். நான் போய் இடித்தால் பாறையில் இடிக்கட்டும், குழந்தை இருக்கிற காரில் வேண்டாம் என்று பாப்பாவுக்குப் புரிந்தது.

நான்கு சக்கரத்துக்கும் விசை போகிறபடி ஒரு லீவர், அதற்குப் பக்கத்தில் 'லோ' லீவர். இரண்டையும் போட்டு முதல் கியரில் விட்டால் வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகாது, எஞ்சினே பிடித்துக்கொள்ளும். ஒரே பயம், பழைய ஜீப்பில் இறக்கத்தில் அந்த லோ லீவர் துள்ளிக் கழன்றுவிடும். கழன்றால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமில்லை. தோள் துண்டை எடுத்து லீவரைச் சீட்டுக் கம்பியோடு இறுக்கிக் கட்டினேன். அது போதாதென்று இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் லீவர் உள்ளங்கையில் உதைத்தது. வளைவில் ஒற்றைக் கையால் ஸ்டீயரிங். இரண்டு இடத்தில் துண்டு நெகிழ்ந்தது. முழங்காலைக் கொண்டு முட்டுக் கொடுத்தேன். கர்த்தரே கர்த்தரே என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு வந்தேன், வெட்கமென்ன. சாவடியின் தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் சமதரையில் எஞ்சினை அணைத்தபோது இடது கையை விரிக்க முடியவில்லை.

கார் வந்து நின்றது. வித்யா இறங்கி நேராக என்னிடம் வந்தது. திட்டப் போகிறது என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டது. "எத்தனை நாளா உங்களுக்கு வாசனை தெரியலை?"

"ஒம்பது மாசமா, தாயி."

"இந்த ஒம்பது மாசத்துல இதே மாதிரி எத்தனை வண்டிக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

சத்தியமாக எனக்கு அதுவரை அந்த நினைப்பே வரவில்லை. இந்த ஜீப், இந்தக் குழந்தை, என் மானம், இவ்வளவுதான் மண்டைக்குள் இருந்தது. பின்னாலிருந்து பாப்பாதான் பதில் சொன்னது. பத்தமடைக்குப் பிறகு வழியெல்லாம் அது வாய் திறக்காமல் வந்தது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இதச் சேக்காம பதினாலு. நாளையிலருந்து ஒவ்வொரு வீடா போறோம்."

போனோம். பாப்பா ஒவ்வொரு வண்டியாக மோந்து பார்த்தது; நான் பக்கத்தில் நின்று, ஏன் வந்திருக்கிறோம் என்று சொன்னேன். அதுதான் அது எனக்குக் கொடுத்த தண்டனை. சேரன்மகாதேவியில் ஒருவர் காபி கொடுத்து அனுப்பினார். புன்னக்காயலில் ஒருவர், "எம் புள்ளைய இதுலதாம்வே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்று சட்டையைப் பிடித்துவிட்டார். பிடிக்கட்டும் என்று நின்றேன். ஒரு வண்டியில் பெட்ரோல் குழாய் இணைப்பில் மெல்லிய கசிவு இருந்தது. பாப்பா அங்கேயே சரிசெய்தது. பதிமூன்று வண்டியும் பார்த்து முடித்த அன்று நான் வேலையை விட்டேன். பாப்பா போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

பதினாலாவது கிடைக்கவில்லை. எடுத்துப் போன ஒரு மாதத்தில் அதன் சொந்தக்காரர் அதைத் தரகரிடம் விற்றுவிட்டார். தரகர் யாரிடமோ தள்ளிவிட்டார், யாரென்று நினைவில்லை என்கிறார். நானும் இன்றுவரை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிள்ளைகளா, இந்த மலர் பழைய ஜீப் வைத்திருக்கிறவர்கள் கைக்குத்தான் போகும் என்று சொன்னீர்கள். அதனால்தான் எழுத ஒத்துக்கொண்டேன். அந்த வண்டி இடதுபக்க ஸ்டீயரிங் உள்ள பெட்ரோல் ஜீப். கரும்பச்சை. அதில் பெட்ரோல் டேங்க் ஓட்டுகிறவரின் சீட்டுக்கு நேர் அடியில் இருக்கும். அதன் கீழ்மூலையில் ஒரு சாண் நீளத்துக்குப் பித்தளை வைத்து அடைத்த தையல் இருந்தால், அது நான் அடைத்தது. வெறும் கையெழுத்தை நம்பி வெளியே போன தையல் அது. பீடி, சிகரெட்டை அணைத்துவிட்டு, சீட்டைத் தூக்கி, அந்தத் தையலில் மூக்கை வைத்துப் பாருங்கள். உங்களுக்கும் அந்தக் காய்ச்சல் வந்து போயிருந்தால், தயவுசெய்து வீட்டில் வேறு யாரையாவது மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.